தங்கத்தில் விழுந்த ஒளி கடைமடைக்கு வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், கடைமடைக்காரர் யாரும் அன்றைக்கே நாற்றங்காலுக்கு ஓட மாட்டார். கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிய வேண்டும். அப்புறம் எத்தனையோ மதகு, எத்தனையோ வாய்க்கால். வரவில்லை என்றால் தண்ணீர் ஆவியாகிவிட்டதா என்று கேட்க மாட்டார். எந்த மதகில் போச்சு என்றுதான் கேட்பார்.

தங்க நானோ துகளைக் குறைகடத்தியோடு ஒட்டவைத்து ஒளி பாய்ச்சி, தங்கம் வாங்கிய ஆற்றலை எலக்ட்ரானாகக் குறைகடத்திக்கு அனுப்பும் வேலையிலும் கேட்கவேண்டியது அதே கேள்விதான். துகளுக்குள் இருக்கும் எலக்ட்ரான் கூட்டம் ஒளியோடு சேர்ந்து ஊசலாடுவதுதான் பிளாஸ்மான். அடித்த கோயில் மணியை உள்ளங்கையால் பிடித்தால் ஓசை சட்டென்று அடங்குவதுபோல, குறைகடத்தி தொட்டதும் இந்த ஊசலாட்டம் சீக்கிரம் அடங்கிவிடும். அதைத் தணிப்பு என்கிறோம். எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் நிறமாலையில் அது உச்சியின் அகலமாகத் தெரியும். அகலம் கூடினால் "எலக்ட்ரான் குறைகடத்தியான டைட்டானியம் டைஆக்சைடுக்குப் போய்விட்டது" என்று எழுதிவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். போனது எந்த மதகு வழியாக என்று பார்க்காமல் எழுதியது அது.

எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்பவர்களையும் முனைவர் பட்டத்தில் முதல் வருடம் இருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கையில் நிறமாலை எடுக்க ஒரு யூவி மெஷின், சென்ட்ரிஃப்யூஜ், பி.எச். மீட்டர், மூன்று நிற எல்.இ.டி. இருந்தால் போதும். ஃபெம்டோ நொடி (ஒரு நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) லேசர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பாதிக் கேள்விக்கு விடை கண்டுவிடலாம்.

கை வைக்கும் முன்

மூன்று நிறமாலை வேண்டும்: தங்கம் மட்டும், குறைகடத்தி மட்டும், இரண்டும் ஒட்டியது. மூன்றும் ஒரே நாளில், ஒரே குவெட்டில் (மாதிரி ஊற்றும் சிறு குப்பி), ஒரே செறிவில் எடுத்திருக்க வேண்டும். போன மாதம் எடுத்த தங்கத்தையும் இன்று எடுத்த கலவையையும் ஒப்பிடுவதாக இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள்.

அடுத்தது, அகலத்தை நானோமீட்டரில் பேசுவதை விடுங்கள். ஆற்றலுக்கு மாற்றுவது எளிது: 1240-ஐ அகலத்தால் பெருக்கி, உச்சி அலைநீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். தங்கத்துக்கு இன்னொரு விஷயம் உண்டு. உச்சிக்கு நீலப் பக்கம் டி பட்டை என்ற கீழ் ஆற்றல் மட்டங்களிலிருந்து எலக்ட்ரான் தாவும் உறிஞ்சலும் கலந்து கிடப்பதால் அந்தப் பக்கம் கீழே இறங்கவே இறங்காது. ஆகவே உச்சியின் பாதி உயரத்தில் சிவப்புப் பக்கத்துப் பாதி அகலத்தை அளந்து இரட்டிப்பாக்குங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வெறும் தங்கத்துக்கு உச்சி 525, சிவப்புப் பக்கப் பாதி அகலம் 35. இரட்டித்தால் 70 நானோமீட்டர், அதாவது 0.315 எலக்ட்ரான் வோல்ட். டைட்டானியம் டைஆக்சைடு பூசியபின் உச்சி 560, அகலம் 100, அது 0.395. நானோமீட்டரில் பார்த்தால் 30 கூடியிருக்கிறது, பார்க்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அதே 0.315-ஐ அப்படியே 560-க்கு நகர்த்தினாலே அகலம் 80 நானோமீட்டர் வந்துவிடும். ஆக, கூடிய 30-இல் 10 அளவுகோலின் ஏமாற்று. மீதி 20-தான், அதாவது 0.08 எலக்ட்ரான் வோல்ட்தான், விசாரிக்க வேண்டிய சங்கதி.

ஊசலாட்டம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று வேண்டுமானால் 1.32-ஐ அந்த அகலத்தால் வகுங்கள், ஃபெம்டோ நொடியில் வரும். இங்கே 4.2 ஆக இருந்தது 3.3 ஆகியிருக்கிறது. குடுவையில் இருக்கும் கோடிக்கணக்கான துகள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. அந்தச் சிதறலும் இந்த அகலத்தில் கலந்திருக்கிறது. அதனால் உண்மையான நேரம் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

அறிகுறி: மாதுளைச் சிவப்பு கத்தரிப்பூ நிறமாகிவிட்டது

இது தணிப்பே இல்லை. துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிட்டன. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் துகள்களின் ஊசலாட்டம் பிணைந்துகொள்ளும்போது 600-க்கு மேல் புதிதாக ஒரு மேடு எழும். 650-இல் உள்ள உறிஞ்சலை 520-இல் உள்ளதால் வகுத்துப் பாருங்கள். ஒட்டவைப்பதற்கு முன் இருந்ததைவிடப் பின்னால் அந்த விகிதம் எகிறினால் அகலத்தைப் பற்றிப் பேச அந்தப் பாட்டில் லாயக்கில்லை, கொட்டிவிடுங்கள். திரண்டது பெரும்பாலும் திரும்பப் பிரியாது. சோனிகேட்டரில் போட்டு அரை மணி நேரம் நம்பிக்கையோடு காத்திருந்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கும்.

காரணம் அநேகமாக உப்பு. சிட்ரேட் பூசிய தங்கத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பது அவற்றின் எதிர்மின்னேற்றத்தால்தான். தண்ணீரில் உப்பு ஏறினால் அந்த மின்னேற்றம் மறைக்கப்பட்டு ஒட்டிக்கொள்கின்றன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தடவை நாலு பேட்ச் தொடர்ந்து ஊதாவானது. சிட்ரேட்டை மாற்றினோம், தங்கக் குளோரைடை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் லேப் அட்டெண்டரிடம், "அண்ணே, இந்த கேன்ல என்ன தண்ணி?" என்று கேட்டேன். "டிஸ்டில்டு தீர்ந்து மூணு நாளாச்சு தம்பி, குடிக்கிற ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்தி வச்சிருக்கேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

இன்னொரு தடவை மைக்ராஸ்கோப் படம் எடுக்க ஒரு பாட்டிலை ரயிலில் அனுப்பினோம். கும்பகோணத்தில் சிவப்பு, தாம்பரத்தில் ஊதா. பிளாஸ்டிக் பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் அலசிக் காயவைத்திருந்தார்கள். காய்ந்த உப்பு உள்சுவரில் காத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சாமான்களை ராஜதிராவகத்தில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசுவதை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

உப்பு இல்லாமலும் திரளலாம். டைட்டானியம் டைஆக்சைடின் மேற்பரப்பு பி.எச். 6 வாக்கில் மின்னேற்றம் இல்லாமல் நிற்கும். அந்த இடத்தில் கலந்தால் பொடியே முதலில் திரளும், போகிற போக்கில் தங்கத்தையும் இழுத்துக்கொள்ளும்.

அறிகுறி: உச்சி சிவப்புப் பக்கம் நகர்ந்து, அகலமும் கூடியிருக்கிறது

குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். இதை அவசரப்படாமல் பார்க்க வேண்டும்.

நகர்வையும் அகலத்தையும் தனித்தனியாக எடுங்கள். நகர்வுக்கு முதல் காரணம் ஒளிவிலகல் எண். தண்ணீருக்கு 1.33, துத்தநாக ஆக்சைடுக்கு 2 வாக்கில், டைட்டானியம் டைஆக்சைடுக்கு 2.5 வாக்கில். எண் கூடிய பொருள் சுற்றி இருந்தாலே உச்சி நகரும். அங்கே ஒரு எலக்ட்ரான்கூடக் கைமாறியிருக்கத் தேவையில்லை. ஆக, நகர்வை வைத்து மட்டும் எலக்ட்ரான் பரிமாற்றம் என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் மெஷினில் ஒளிவிலகல் எண்ணின் விளைவு தனியாக எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு மலிவான வழி உண்டு: சர்க்கரைப் பாகு. எடையில் 60 சதவீதம் சுக்ரோஸ் கரைசலின் ஒளிவிலகல் எண் 1.44. தங்கக் கூழ்மத்தை அதில் கலந்தால் உச்சி சில நானோமீட்டர் நகரும்; அகலம் ஆற்றல் கணக்கில் பெரிதாக மாறக்கூடாது. மாறினால் உங்கள் அளவீட்டிலோ, பின்னணி கழிப்பதிலோ கோளாறு. லேப் கிரேடு சுக்ரோஸ் போதும். கடைச் சர்க்கரை வேண்டாம், அதில் உள்ள சாம்பலும் உப்பும் முந்தின அறிகுறிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

இப்போது அகலம். அந்த 0.08 எலக்ட்ரான் வோல்ட் எங்கிருந்து வந்தது? மூன்று பேர் மேல் சந்தேகம்.

முதல் ஆள்: ஒட்டியதும் ஒட்டாததும் கலந்து கிடப்பது. பாதித் துகள் 525-இலும் பாதி 560-இலும் உச்சி காட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரே அகலமான மேடாகத் தெரியும். ஒரு துகளும் சீக்கிரம் தணியவில்லை, கூட்டம் மட்டும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். சென்ட்ரிஃப்யூஜில் குறைந்த சுற்றில் சுற்றுங்கள். பொடி அடியில் படியும். 20 நானோமீட்டர் தனித் தங்கம் அந்த வேகத்துக்கு இறங்காது. மேலே நிற்கும் தண்ணீர் இன்னும் சிவப்பாக இருந்தால் அவ்வளவும் ஒட்டாத தங்கம். படிந்ததை மட்டும் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, மறுபடி நிறமாலை எடுங்கள். "ஒட்டிவிட்டது" என்று மூன்று மாதம் நம்பி வைத்திருந்த பொடியின் மேல்தண்ணீர் ரோஜா நிறத்தில் நின்றபோது எங்கள் லேபில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஒட்டவே இல்லையென்றால் பி.எச்.-ஐப் பாருங்கள். சிட்ரேட் தங்கம் எதிர்மின்னேற்றம். டைட்டானியம் டைஆக்சைடு 6-க்குக் கீழே நேர்மின்னேற்றம், மேலே எதிர்மின்னேற்றம். 8-இல் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் நிற்கும். 4, 4.5 என்றால் இழுக்கும். துத்தநாக ஆக்சைடுக்கு இதே புத்தியை உபயோகிக்காதீர்கள், அமிலத்தில் அது கரைந்தே போய்விடும். அதன் திருப்புமுனை 9 அருகில் இருப்பதால் 7, 8-இலேயே நேர்மின்னேற்றத்தோடு இருக்கும், அங்கேயே கலக்கலாம்.

இரண்டாவது ஆள்: ஒளிச் சிதறல். டைட்டானியம் டைஆக்சைடு பொடி கலந்த நீர் பால்போல வெள்ளையாக இருக்கும். அது ஒளியைச் சிதறடித்து, நீலப் பக்கம் உயர்ந்த ஒரு சரிவை உண்டாக்கும். அந்தச் சரிவின்மேல் உட்கார்ந்த உச்சியை அப்படியே அளந்தால் அகலம் தப்பாக வரும். இதற்குத்தான் "குறைகடத்தி மட்டும்" என்ற நிறமாலையை அதே செறிவில் கேட்டேன், அதைக் கழியுங்கள். பால் மிகவும் கெட்டியாக இருந்தால் கழித்தாலும் சரிவராது. பொடியாகக் காயவைத்துச் சிதறல் பிரதிபலிப்பு முறையில் எடுங்கள்.

இந்த இரண்டு பேரும் இல்லையென்றால்தான் மூன்றாவது ஆள்: இடைமுகத் தணிப்பு. உலோக எலக்ட்ரான் எல்லைக்கு வந்து மோதும்போது, எல்லையில் ஒட்டியிருக்கும் பொருளின் காலி மட்டங்களுக்குள் ஒரு கணம் எட்டிப்பார்த்துவிட்டோ, ஒரேயடியாகப் போய்விட்டோ தாளம் தப்பிவிடுகிறது. இதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. கூடுதல் அகலம் எலக்ட்ரான் வோல்ட்டில் ஏறத்தாழ 0.92-ஐ ஏ என்ற ஒரு எண்ணால் பெருக்கி, துகளின் ஆரத்தால் வகுத்தது. அந்த 0.92 தங்கத்தின் ஃபெர்மி வேகத்திலிருந்து, அதாவது உள்ளே எலக்ட்ரான் ஓடும் வேகத்திலிருந்து, வருகிறது. நொடிக்கு 14 லட்சம் மீட்டர். ஏ என்பது எல்லையில் என்ன பொருள் ஒட்டியிருக்கிறது, எப்படி ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதில் நமக்குப் பயன்படுவது வகுத்தலில் இருக்கும் ஆரம். 10 நானோமீட்டர் ஆரமுள்ள துகளுக்கு 0.08 கூடியிருந்தால் ஏ 0.87. அதே முறையில் 5 நானோமீட்டர் ஆரத்தில் ஒரு பேட்ச் செய்து அதே குறைகடத்தியை ஒட்டவையுங்கள். கூடுதல் அகலம் இரட்டித்து 0.16 பக்கம் வந்தால் இடைமுகம்தான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். ஏறவே இல்லையென்றால் முதல் இரண்டு ஆட்களிடம் திரும்பிப் போங்கள். 1951-இல் டர்கெவிச் சொன்ன சிட்ரேட் முறையில் சிட்ரேட்டின் விகிதத்தைக் கூட்டிக் குறைத்தே துகள் அளவை ஓரளவு மாற்றலாம் என்பதால் இதற்குப் புது ரசாயனம்கூட வாங்க வேண்டாம். ஒரு வாரத்து வேலை. என்னைக் கேட்டால், பதினைந்து பக்க விளக்கத்தைவிட இந்த ஒரு வாரத்துக்கு மதிப்பு அதிகம்.

எலக்ட்ரானுக்கு வழி விடாத பொருள் என்று சிலிக்கா பூசியதை ஒப்பீட்டுக்கு வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். தங்கத்தின்மேல் சிலிக்கா நேராக ஒட்டாது, பி.வி.பி. என்ற பாலிமரையோ அமினோ சிலேனையோ ஒரு படலம் போட்டபின் ஸ்டோபர் என்ற சிலிக்கா தயாரிப்பு முறையில் வளர்க்க வேண்டும். ஆனால் சிலிக்காவை முழு நிரபராதி என்று நினைத்துவிடாதீர்கள். 1993-இல் க்ரைபிக், ஹோவெல் முதலானவர்கள் வெள்ளித் துகள்களை வெற்றிடத்தில் தனியாகவும் சிலிக்காவுக்குள் வைத்தும் பார்த்தபோது, சிலிக்காவுக்குள் உச்சி தெளிவாக அகன்றுதான் இருந்தது.

அறிகுறி: உச்சியையே காணோம்

துகள் மிகச் சிறியதாக இருக்கலாம். 2 நானோமீட்டருக்குக் கீழே போனால் தங்கத்துக்குப் பிளாஸ்மான் உச்சி நிற்காது, பழுப்பு நிறம்தான் மிஞ்சும். போரோஹைட்ரைடு போட்டு அவசரமாக ஒடுக்கியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

இன்னொரு வாய்ப்பு, அது நல்ல செய்தி. உலோகமும் குறைகடத்தியும் நடுவில் எதுவும் இல்லாமல் இறுகப் பிணைந்திருந்தால் தணிப்பு அவ்வளவு பலமாக இருக்கும். உச்சி கரைந்து ஒரு மங்கலான மேடாகிவிடும். 2015-இல் எமரி பல்கலைக்கழகத்தில் லியான் குழுவினர் காட்மியம் செலினைடு நானோ கோலின் நுனியில் தங்கத்தை வளர்த்துப் பார்த்தார்கள். பிளாஸ்மான் தணியும்போதே எலக்ட்ரான் நேராகக் குறைகடத்தியில் பிறப்பதாகவும், செயல்திறன் 24 சதவீதத்தைத் தாண்டியதாகவும் காட்டினார்கள். அங்கே உச்சி கலைந்துபோனது கோளாறு அல்ல, வேலை நடந்ததன் அடையாளம். நம் பாட்டிலில் நடந்தது இதுவா, முந்தினதா என்று சொல்ல எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்று வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

அறிகுறி: அகலம் கூடியிருக்கிறது, வேலை மட்டும் நடக்கவில்லை

நிறமாலை அழகாக இருக்கிறது, இரட்டிப்புச் சோதனையும் தேறிவிட்டது, ஆனால் பச்சை எல்.இ.டி.-யை எவ்வளவு நேரம் அடித்தாலும் மின்னோட்டம் இல்லை, வினை இல்லை. மதகு திறந்திருக்கிறது, வயலில் தண்ணீர் இல்லை.

நேரக் கணக்கு தெரிந்தால் இது புரியும். பிளாஸ்மான் சில ஃபெம்டோ நொடியில் அடங்கிச் சூடான எலக்ட்ரானாகிறது. அவை சில நூறு ஃபெம்டோ நொடியில் தங்களுக்குள் மோதி ஆற்றலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு பிக்கோ நொடி (ஆயிரம் ஃபெம்டோ நொடி) வாக்கில் உலோகத்தின் அணிக்கோவைக்கு, அதாவது அணுக்களின் அடுக்குக்கு, வெப்பமாகக் கொடுத்துவிடுகின்றன. நூறு பிக்கோ நொடியில் அந்த வெப்பம் தண்ணீருக்குப் போய்விடும். குறைகடத்திக்குள் தாண்ட வேண்டியவன் பங்கு பிரிப்பதற்கு முன்னாலேயே தாண்ட வேண்டும். தாண்ட முடியும் என்பதில் சந்தேகமில்லை: 2007-இல் ஜப்பானில் ஃபுருபே குழு தங்கத்திலிருந்து டைட்டானியம் டைஆக்சைடுக்கு எலக்ட்ரான் 240 ஃபெம்டோ நொடிக்குள் போவதையும், ஏறத்தாழ 40 சதவீதம் போவதையும் அளந்தார்கள். நம்முடையது ஏன் போகவில்லை என்பதுதான் கேள்வி.

முதலில் வரப்பு உயரம். தங்கத்துக்கும் டைட்டானியம் டைஆக்சைடுக்கும் நடுவே எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் வரப்பு, அதாவது ஷாட்கி தடை, 1 எலக்ட்ரான் வோல்ட் வாக்கில் இருக்கிறது. 530 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் 2.34. தாராளமாகத் தாண்டலாம் என்று தோன்றும். ஆனால் அந்த ஆற்றலில் தங்கத்தின் டி பட்டை எலக்ட்ரானும் சேர்ந்து எழும்பும். அப்படி எழுந்தவன், உலோகத்தில் எலக்ட்ரான் நிரம்பி நிற்கும் மேல் எல்லையான ஃபெர்மி மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்பான். ஆற்றலில் பெரும்பங்கு அவன் கீழே விட்டுவந்த காலியிடத்தில், அதாவது துளையில், தங்கிவிடும். வரப்பு அவனுக்கு உயரம். ஆகவே கோள வடிவத் துகளில் பச்சை ஒளியை அடித்து எலக்ட்ரான் போகவில்லை என்று வருத்தப்படுவதைவிட, உச்சி 700 பக்கம் வரும் நானோ கோலைச் செய்து பாருங்கள். 700-இன் ஆற்றல் 1.77-தான், ஆனால் அங்கே டி பட்டையின் தொந்தரவு குறைவு. வரப்பைத் தாண்டும் எலக்ட்ரான் கிடைக்கும். ஆற்றல் குறைந்த ஒளிக்கு வேலை கூடுவது முதலில் கேட்க விசித்திரமாகத்தான் இருக்கும்.

அடுத்தது, நடுவில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். சிட்ரேட், பி.வி.பி., கோல் செய்யும்போது போட்ட சி-டேப் சோப்பு எல்லாம் உலோகத்துக்கும் குறைகடத்திக்கும் நடுவில் படலமாக நிற்கும். நாலு தடவை கழுவி ஒட்டவையுங்கள். பொடியாக இருந்தால் சூளையில் 300 டிகிரி வரை சுட்டுப் படலத்தை எரிக்கலாம். சுட்டபின் நிறமாலையை மறுபடி எடுங்கள், ஏனென்றால் அந்தச் சூட்டில் சிறு தங்கத் துகள்கள் நகர்ந்து ஒன்று சேர்ந்து பெரிதாகிவிடும்.

மூன்றாவது, துளையை யார் எடுக்கிறார்கள்? எலக்ட்ரான் தாண்டிப் போனாலும் தங்கத்தில் துளை அப்படியே நின்றால் போனவன் திரும்பி வந்துவிடுவான். கொஞ்சம் மெத்தனால் அல்லது எத்தனால் விட்டுப் பாருங்கள். விட்டதும் மின்னோட்டம் எழுந்தால் தடை உங்கள் இடைமுகத்தில் இல்லை, துளைக்கு வழி இல்லாததில் இருந்தது.

எலக்ட்ரானாகப் போகிறதா, புலமாகப் போகிறதா என்று பிரிக்கவும் ஒரு வழி உண்டு. நடுவில் சில நானோமீட்டர் சிலிக்கா வைத்துவிடுங்கள். எலக்ட்ரானுக்கு அது சுவர். பிளாஸ்மானின் மின்புலத்துக்கு அது கண்ணாடி ஜன்னல். சிலிக்கா வைத்தபின் வேலை நின்றால் முன்பு போனது எலக்ட்ரான். நிற்கவில்லையென்றால் ஆற்றல் புலத்தின் வழியாகவோ வெப்பமாகவோ போகிறது. ஆனால் புலத்தின் வழி போக வேண்டுமானால் பிளாஸ்மானின் உச்சியும் குறைகடத்தி உறிஞ்சும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். தங்கத்துக்கும் குப்ரஸ் ஆக்சைடுக்கும் படியும். தங்கத்துக்கும் டைட்டானியம் டைஆக்சைடுக்கும் படியாது. அந்த ஜோடியில் "ஒத்ததிர்வு ஆற்றல் பரிமாற்றம்" என்று எழுதுவதைத் தவிருங்கள்.

அறிகுறி: வேலை நடக்கிறது, சந்தேகப்படும் அளவுக்கு நன்றாக நடக்கிறது

திருபுவனத்துப் பட்டு நெசவும் சாயப்பட்டறைக் கழிவும் நம் பக்கத்துப் புராஜெக்ட் முன்னுரைகளில் தவறாமல் வரும். அதனாலேயே மெத்திலீன் நீலத்தைப் போட்டு நிறம் போகிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இந்தச் சாயம் தானே 664 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். உறிஞ்சி, தானே டைட்டானியம் டைஆக்சைடுக்கு எலக்ட்ரான் கொடுக்கும். தங்கத்துக்கு அங்கே வேலையே இல்லை. இருட்டிலேயே பொடியில் ஒட்டிக்கொண்டும் நிறம் குறையும். போதாததற்கு, ஒடுக்கமடைந்தால் நிறமற்ற வடிவத்துக்கு மாறி, காற்றுப் பட்டால் மறுபடி நீலமாகிவிடும். ஆகவே இருட்டில் ஒரு மணி நேரம் வைத்து அளவு நிலையானபின் ஆரம்பியுங்கள், தங்கமில்லாத பொடியோடு அதே ஒளியில் ஒரு ஓட்டம் வையுங்கள். முடிந்தால் சாயத்தையே விட்டுவிட்டு ஃபீனால்போல நிறமில்லாத ஒன்றை எடுங்கள்.

விளக்கையும் சந்தேகப்படுங்கள். டைட்டானியம் டைஆக்சைடின் ஒரு படிக வடிவமான அனட்டேஸுக்குப் பட்டை இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 387 நானோமீட்டர்; அதற்குக் குறைந்த அலைநீள ஒளியைத் தங்கம் இல்லாமலே அது உறிஞ்சும். கடைகளில் கிடைக்கும் பி25 என்ற டைட்டானியம் டைஆக்சைடு பொடியில் இன்னொரு படிக வடிவமான ரூட்டைலும் கலந்திருப்பதால் அது 413 வரை நீளும். செனான் விளக்கில் 420 வடிகட்டி போட்டு "கண்ணுறு ஒளி" என்று எழுதினால் ஓரத்தில் கசிகிற கொஞ்சம் புற ஊதாவே வேலையை முடித்திருக்கும். 450-க்கு மேல் போங்கள், அல்லது எல்.இ.டி. வையுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்றில் ஓட்டி, வேலையின் அளவு பிளாஸ்மான் உச்சியைப் பின்தொடர்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் சூடு. வினைக்குடுவைக்குள் தெர்மாமீட்டர் வைத்து, விளக்கு எரியும்போது எத்தனை டிகிரிக்குப் போகிறது என்று குறியுங்கள். அதே டிகிரியில் வெந்நீர்த் தொட்டியில், இருட்டில், அதே ஓட்டத்தை வையுங்கள். சித்திரை மாதத்தில் எடுத்ததையும் மார்கழியில் எடுத்ததையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு விளக்கம் தேடியவன் என்ற முறையில் சொல்கிறேன், அறை வெப்பநிலை என்று எழுதாமல் எண்ணை எழுதுங்கள்.

அறிகுறி: வெள்ளி, நாளுக்கு நாள் மோசமாகிறது

கொலுசு கறுப்பதுபோலத்தான். வெள்ளித் துகளின் மேற்பரப்பு ஆக்சைடாகும், சல்ஃபைடாகும், குளோரைடு கிடைத்தால் வெள்ளிக் குளோரைடாகும். 400 வாக்கில் நிற்கும் உச்சி தாழும், அகலும், நகரும். இதை இடைமுகத் தணிப்பு என்று நினைத்தால் ஒவ்வொரு நாளும் ஒரு புது ஏ கிடைக்கும். ஐப்பசி அடைமழையில் சாக்கடை நாற்றம் அடிக்கும் ஜன்னல் ஓரத்தில் திறந்து வைத்த குப்பி இரண்டு நாள் தாங்காது. பழுப்புக் குப்பியில், நிரம்ப ஊற்றி, மூடி வையுங்கள்; செய்த அன்றே அளந்துவிடுங்கள். தங்கத்தில் பழகிய பொறுமை வெள்ளியிடம் செல்லாது.

அறிகுறி: எல்லா மாதிரியிலும் 340 பக்கம் ஒரு சின்னப் படி

துத்தநாக ஆக்சைடோடு தங்கம் ஒட்டிய மாதிரியில் முதலில் இதைப் பார்த்தேன். துத்தநாக ஆக்சைடின் உறிஞ்சல் விளிம்பு 370 அருகில் இருப்பதால் 340-இல் தெரிந்த அந்தப் படியை இடைமுகத்து மின்னேற்றப் பரிமாற்றப் பட்டை என்று முடிவு கட்டி, ஒரு முழுப் பத்தி எழுதினேன். பத்தி நன்றாகவே வந்திருந்தது. யூவி மெஷினில் டியூட்டீரியம் விளக்கிலிருந்து டங்ஸ்டன் விளக்குக்கு மாறும் இடம் பெரும்பாலும் 340, 350 பக்கம்தான் இருக்கும். விளக்கு பழசாகி, பின்னணிப் பதிவும் பழசாக இருந்தால் அங்கே கோடு ஒரு படி ஏறும். கைடிடம் கொடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், எதற்கும் இருக்கட்டும் என்று குவெட்டையே எடுத்துவிட்டு வெறும் காற்றில் ஓட்டிப் பார்த்தேன். படி அங்கேயேதான் இருந்தது.